தண்ணி கண்ட கப்பல்

அங்கே கால் வைக்காதீங்க சார். அது கப்பலோட வலது பக்கம்.

அந்தப் பக்கமும் வேண்டாம், அது பாய். இன்னும் காயவில்லை. நியூஸ்பேப்பர் விரிக்காத இடமாகப் பார்த்து மிதித்து வாங்க. அப்படித்தான். அந்த நாற்காலியில் உட்காரலாம். அதில் இருக்கிற டம்ளரை மட்டும் கீழே வைத்துவிடுங்க. பார்த்து, தண்ணீர் இருக்கிறது. ஜன்னலில் இருக்கிற டம்ளரிலும் இருக்கிறது. அலமாரியில் இருக்கிற அந்தக் கோப்பை நான் எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கியது, அதிலும் தண்ணீர்தான். இந்த வீட்டில் காலிப் பாத்திரம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் எங்கள் அண்ணன் செய்கிற வேலை. தாகமாக இருந்தால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் குடிங்க.

நான் எழுந்திருக்க முடியாது, தப்பாக நினைக்காதீங்க. இந்தப் பலகையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருக்கிறேன், பாருங்க. விட்டால் டப்பென்று எழும்பிவிடும். பசை பிடிக்கிற வரைக்கும் இப்படியே உட்கார வேண்டியதுதான்.

கப்பல் ஆபீஸ் சார்தானே நீங்க? தெரியும். இந்த வெயிலில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வேறு யார் வரப்போகிறார்கள்.

அண்ணன் ஜோவின் இல்லை. விடியும்போதே சந்தியாகு மாமாவோடு வள்ளத்தில் போய்விட்டான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கரைக்கு வர பத்தரை ஆகும். மீன் ஏலம் போட அம்மாவும் அங்கேதான் நிற்கிறாள். நீங்க காத்திருக்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் சும்மா இருந்தால், இது என்னடா வீடெல்லாம் விறகு என்று கேட்பீங்க. காலையிலிருந்து எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு இது கப்பல் சார். மூன்று பாய்மரம், பதினாலு பாய், என் கை நீளம். நாலே காலுக்கு விறகு ஆகிவிட்டது. நடுவில் நடந்தது பதினைந்து நிமிஷம். அதற்கு முன்னால் நடந்தது ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் என்னுடையது.

என் பெயர் வின்ஸ்டன். பதினேழு வயது. பதினொன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. ஏன் என்று கேட்காதீங்க, கேட்டால் சொல்லிவிடுவேன். "உனக்கு ஒரு காரியத்தை முழுசா முடிக்கிற பொறுமை கிடையாதுல" என்று கெமிஸ்ட்ரி சார் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். "மார்ச் வந்துட்டு சார், உங்க பாடத்தையும் நீங்க இன்னும் முடிக்கல" என்றேன். அவ்வளவுதான். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா கொச்சியில் விசைப்படகில் கிடக்கிறார், வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். நான் அவரையும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. ஆனால் அந்த சார் சொன்னது பொய் இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது. வரிசையில் நிற்க மாட்டேன். பட்டத்துக்கு வால் ஒட்டாமலே பறக்கவிட்டு, அது தலைகீழாகப் போய் மாட்டிக்கொண்டால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனிடம்தான் இதைக் கொடுத்தார்கள்.

அண்ணன் கடைசியாக ஏறின கப்பல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஆபீஸ் அனுப்பினதுதான். ஓ, நீங்க சேர்ந்தே இரண்டு மாதம்தானா? சரி, அப்படியானால் உங்களைச் சொல்லவில்லை. அந்தக் கப்பல் முதலாளி எங்கேயோ ஓடிப்போய்விட்டான். அரபு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. எண்ணெய் இல்லை, கரண்டு இல்லை, ஆளை இறங்கவும் விடவில்லை. பதினொரு மாதம். உங்கள் ஆபீஸுக்கு அம்மா போன் போட்டால் மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அடித்து அடித்து அந்த நம்பர் எனக்கே மனப்பாடம். சொல்லட்டுமா? சரி, வேண்டாம்.

அம்மா கோயிலில் போய் முழங்காலில் நின்றாள். மாதாவிடம் நேர்ந்துகொள்கிறவர்கள் தகட்டில் செய்த குட்டிப் படகு வைப்பார்கள். கண் வலிக்குத் தகட்டுக் கண், கால் வலிக்குத் தகட்டுக் கால், எல்லாம் ஒரே கடையில் விற்கும். எங்கள் அம்மாவுக்கு அது போதாது. சனிக்கிழமை நவநாள் ஜெபக் கூட்டத்தில், ஊரே கேட்கிற மாதிரி சொன்னாள்: "தகட்டுப் படகு இல்ல மாதாவே. மரத்துல, பாயும் கயிறுமா முழுக் கப்பல் வைக்கேன். எம்புள்ளையக் கொண்டாந்து சேரு. அந்தக் கப்பல உன்ட்ட ஒப்படைக்கிற வரைக்கும் அவன வேற கப்பல் ஏத்த மாட்டேன்."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டான். அங்கே ஏதோ மாலுமிகள் சங்கத்துக்காரர்கள் டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். வந்து ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. சோறு போட்டால் "போதும்" என்பான், அது ஒன்றுதான். அப்போதே இந்தத் தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கம் ஆரம்பித்துவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தால் குடம், அண்டா, செம்பு, என் சோப்பு டப்பா வரைக்கும் நிரப்பிவிடுவான். கேட்டால், "கப்பல்ல மழை வந்தா எல்லாரும் வாயத் திறந்துக்கிட்டு மேல பாத்து நிப்போம்ல" என்றான். நான் சிரித்தேன். இருபது பேர் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றால் எப்படி இருக்கும்? அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி கம்மி.

தொட்டில் செய்கிற ஆசாரியிடம் சொல்லி ஒரு கப்பல் செய்துவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அண்ணன்தான், "நான் வாங்குதேன்" என்றான். போனில் காட்டினான். பெட்டியில் துண்டு துண்டாக மரம் வருமாம், நாமே ஒட்டிக் கப்பல் செய்ய வேண்டுமாம். ஒரே ஒரு பாய்மரம் வைத்த சின்னது ஒன்று இருந்தது. இதை வாங்குல, பத்து நாளில் முடித்துவிடலாம் என்றேன். அவன் தேடித் தேடி, இருக்கிறதிலேயே பெரியதை வாங்கினான். ஆயிரத்து நானூறு துண்டு. பெட்டி மேலேயே போட்டிருந்தது, தேர்ந்த ஆளுக்குத் தொள்ளாயிரம் மணி நேரம் ஆகும் என்று. அவனுக்கு எப்போதும் அளவு தெரியாது சார். சட்டை வாங்கினாலும் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவான்.

வாங்கினது அவன், செய்ய வேண்டியது நான். "எனக்குக் கை நடுங்குதுல" என்றான். அதுவும் உண்மைதான், காபி குடிக்கும்போது பார்த்திருக்கிறேன். ஆறு வருஷம் எஞ்சின் பக்கத்தில் நின்றால் கை ஆடாதா. பாய்க்கப்பலைப் பற்றி அவனிடம் எதையும் கேட்கவும் முடியாது. எந்தக் கயிறு எங்கே போகும் என்றால், "நான் எஞ்சின் ரூம்ல, எண்ணெய் போடுற ஆளு. கயித்தக் கண்டேனா" என்பான்.

விளக்கப் புத்தகம் இத்தாலிய மொழி. ஊரில் இத்தாலி தெரிந்தவர் ஒரே ஒருத்தர், எங்கள் பங்குச் சாமியார். ரோமில் நாலு வருஷம் படித்தவர். ஃபாதரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். "வின்ஸ்டன், எனக்கு மீட்புன்னா தெரியும், உத்தரிக்கிற ஸ்தலம்னா தெரியும். இந்தக் கப்பி, கயிறெல்லாம் அங்க யாரும் சொல்லித் தரல" என்றார். நாலு வருஷம் சார், ரோமில். ஆனாலும் நல்ல மனுஷன். வாரத்துக்கு இரண்டு பக்கம், போனில் அகராதி பார்த்துத் தமிழில் எழுதிக் கொடுத்தார். இடையில் ஒரு வாரம் நின்றுபோனது. பதினாலாம் பக்கத்திலிருந்து பதினேழு வரைக்கும் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் அண்ணன் தலையணைக்கு அடியில் இருந்தது. படித்துக்கொண்டிருந்தானாம். எண்ணெய் போடுகிறவன், இத்தாலி மொழியில்.

முதலில் அடிக்கட்டை. அதை ஏரா என்பார் மாமா, நம் முதுகெலும்பு மாதிரி. அதில் விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டம் பதினெட்டு. அதற்கு மேல் பலகை. பலகை என்றால் ஐஸ்குச்சி அகலம்தான். வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒட்டி, துணி கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். அம்மாவின் சோற்றுப்பானையில்தான் ஊறவைத்தேன். ஒரு நாள் சோற்றில் ஒரு பலகை வந்துவிட்டது. மாமா அதை முருங்கைக்காய் என்று கடித்துப் பார்த்தார்.

இரண்டு சுற்று ஒட்ட வேண்டும். ஒரு சுற்று ஒட்டி முடித்து, அதற்கு மேல் இன்னொரு சுற்று. கண்ணுக்குத் தெரியாத முதல் சுற்றை எதற்கு ஒட்ட வேண்டும்? ஃபாதரிடம் கேட்டேன். அவர் ஆன்மா, சரீரம் என்று ஆரம்பித்தார். பேசாமல் வந்து ஒட்டினேன்.

இந்த இடத்தில் பசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். படகு கட்டுகிறவர்கள் போடுகிற பசை ஒன்று உண்டு, தண்ணீரில் கிடந்தாலும் விடாது. அதை வாங்கி வா என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டுகிற வெள்ளைப் பசையை வாங்கி வந்தான். "வீட்டுக்குள்ள நிக்கப் போற கப்பலுக்கு இது போதும்ல" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணனைப் பார்த்தால் ஒரே கேள்விதான். "என்ன ஜோவின், எப்ப ஏறுதே?" கப்பல்காரன் லீவில் வந்தால் எங்கள் ஊரில் முதல் நாளிலிருந்தே இதைத்தான் கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. அண்ணன் உடனே என்னைக் கை காட்டுவான். "இவன் கப்பல முடிக்கட்டும், ஏறிர வேண்டியதுதான்." அவ்வளவுதான், எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். "ஏல சோம்பேறி, உன்னாலதான் அவன் வீட்டுல கெடக்கான்." ஊர் முழுக்க என்னைத் திட்டியது சார். நான் தினம் ஆறு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து கழுத்து ஒடிந்துபோகிறேன், பேர் சோம்பேறி.

அப்புறம் கப்பி, பாய்க் கயிறு கோக்கிறது. மிளகு அளவுதான் இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. நூற்றிருபது. ஒரு நாள் காலையில் பார்த்தால் டப்பாவே இல்லை. நாலு நாள் தேடினேன். அண்ணன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் சலசலவென்று இருந்தது. கூட்டும்போது எடுத்து வைத்தானாம், மறந்துவிட்டானாம். இந்த வீட்டில் அவன் விளக்குமாற்றைத் தொட்டதை அன்றைக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பாய்மரத்துக்கு ஏறுகிற கயிற்று ஏணி இருக்கிறதே, அது நூலில் கட்ட வேண்டும். ஆறு ஏணி, எண்ணூறு முடிச்சு. இடுக்கியால் பிடித்து நான் ஒரு நாளைக்கு இருபது போட்டேன். அம்மா ஒரு மத்தியானம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுக்கா இந்தப் பாடு?" என்றாள். வலை கட்டுகிற கை சார் அது. சீரியல் பார்த்துக்கொண்டே மூன்று ஏணியை முடித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம். சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அம்மா, இது வலை முடிச்சு. புத்தகத்துல வேற முடிச்சு போட்டிருக்கு."

"முடிச்சுல என்னல இருக்கு. நிக்குதுல்லா?"

"மாதாவுக்குக் குடுக்குறது. முறைப்படிதான் இருக்கணும்."

சொல்லிவிட்டு பிளேடை எடுத்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டான். வாரத்துக்கு ஒரு தடவை சவரம் பண்ணுகிற ஆள். முடிச்சு விஷயத்தில் அவ்வளவு சுத்தம். அம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. "எம்புள்ளைக்கு எவ்வளவு பக்தி பாத்தியால" என்றாள் என்னிடம். நான் மறுபடியும் இருபது, இருபதாகக் கட்டினேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இடையில் நாலைந்து தடவை இதைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை தூக்கிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போனேன். அங்கே வெளிச்சத்தில் பார்த்தால் முன்பக்கம் ஒரு பலகை மயிரிழை தூக்கியிருந்தது. அதை அப்படியே போட்டால் அசிங்கமாக இருக்குமே என்று திரும்பிக் கொண்டுவந்து தேய்த்தேன். அதற்குள் கோபம் போய்விட்டது. மற்றபடி எனக்கு இந்தக் கப்பல் மேல் பாசம் கீசம் ஒன்றும் கிடையாது.

போன வாரம் முடிந்தது. நிஜமாகவே முடிந்தது. கடைசித் துண்டு சுக்கான். கப்பலின் பின்னால் தொங்கும், திருப்புகிறதுக்கு. அதையும் ஒட்டினேன். அம்மா விளக்கு ஏற்றினாள். ஊரே வந்து பார்த்தது. அண்ணன் ஒரு மூலையில் நின்றான். "முடிஞ்சிட்டா?" என்றான். "முடிஞ்சிட்டு" என்றேன். "எல்லாமா?" என்றான். "எல்லாம்தான்." அவன் போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.

அப்போதுதான் சந்தியாகு மாமா வந்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து அடியில் தட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் எங்கல?"

"பாய்க்கப்பல் மாமா."

"நம்பர் எழுதல? நம்பர் இல்லாம மாதா எடுத்துட்டுப் போனா கோஸ்ட்கார்டு பிடிக்க மாட்டானா?"

"கோயில்ல நிக்கப் போவுது மாமா."

"சரி. எப்ப எறக்குதிய?"

"எங்க?"

"எங்கவா? கடல்லதாம்ல."

எங்கள் ஊரில் புது வள்ளம் வந்தால் சாமியார் மந்திரிப்பார், மாலை போடுவார்கள், எல்லாரும் கை கொடுத்துத் தள்ளிக் கடலில் இறக்குவார்கள். அதற்கு அப்புறம்தான் அதை வள்ளம் என்று சொல்வார்கள். அதுவரைக்கும் அது மரம், ஃபைபர், என்னவோ. மாமா அம்மாவிடம் திரும்பினார். "எக்கா, நீ என்ன நேர்ந்த? கப்பலா, பெட்டியா? தண்ணி காணாதது எப்படிக்கா கப்பலாவும்? மாதாட்டப் போயி பெட்டியக் குடுக்கப் போறியா?"

அம்மா ஆடிப்போய்விட்டாள். ஊர் முன்னால் மாதாவிடம் சொன்ன வார்த்தை இல்லையா. நான் கத்தினேன் சார். இது அலங்காரத்துக்குச் செய்தது, அடியில் கனம் கிடையாது, நிற்காது, கவிழும் என்று. யார் கேட்டார்கள்? நாற்பது வருஷம் கடலில் கிடக்கிற மாமாவுக்கு நான் பாடம் நடத்துகிறேனாம். பசையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் மூலையிலிருந்து வந்தான். ஏழு மாதத்தில் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மாமா சொல்றதுதான் சரி. எறக்கிருவோம்."

நேற்று நாலு மணிக்கு இறக்கினோம். ஃபாதர் அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று மந்திரித்தார். மாமா பிச்சிப்பூ மாலை போட்டார், அதுவே கப்பலைவிடக் கனம். பிள்ளைகள் கத்தினார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் போய் அதை வைத்தான்.

இது கச்சான் காற்று அடிக்கிற நேரம் சார். கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். பதினாலு பாயும் ஒரே நேரத்தில் புடைத்தது. போச்சு சார். நிஜமாகவே போச்சு. ஒரு ஆள் நீளம், இரண்டு ஆள் நீளம் நேராகப் போச்சு. யாரும் கத்தவில்லை. என் மாமா வாயில் பீடி அப்படியே நின்றது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒன்றும் நினைக்கவில்லை. மூச்சு விடவில்லை.

அப்புறம் படுத்துவிட்டது. தூக்கம் வந்த மாதிரி மெதுவாக இடது பக்கம் சாய்ந்து, படுத்துவிட்டது. மாமா நீந்திப் போய்ப் பாய்மரத்தைப் பிடித்துத் தூக்கினார். பாய்மரம் மாமா கையில் வந்தது. கப்பல் வரவில்லை. அலை இரண்டு தடவை புரட்டியது, வெள்ளைப் பசை பால் மாதிரி கரைந்து வந்தது, பலகை ஒவ்வொன்றாகக் கழன்று கரையைப் பார்த்து வர ஆரம்பித்தது. காற்று அந்தப் பக்கம் அடித்தாலும் அலை இந்தப் பக்கம்தானே.

அம்மா மணலில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் சிரித்தான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் சார். கப்பலை விட்டு வந்ததிலிருந்து அவன் சிரித்ததே இல்லை, முதல் சிரிப்பு இதற்கு. நான் போய் ஓங்கி ஒன்று விட்டேன். அண்ணன் என்று பார்க்கவில்லை. அவன் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு குனிந்து, என்னோடு சேர்ந்து பலகை பொறுக்க ஆரம்பித்தான். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் மற்றவர்கள் எல்லாம்.

அப்போதுதான் பார்த்தேன். அவன் காலுக்குக் கீழே சுக்கான் கிடந்தது. அவன் எடுக்கவில்லை. பெருவிரலால் மெதுவாக மணலுக்குள் தள்ளினான். மேலே மணலை இழுத்து மூடினான்.

நான் கெமிஸ்ட்ரியில் பெயில்தான் சார். அதற்காக முழு முட்டாள் இல்லை. கப்பி டப்பா, தலையணைக்கு அடியில் புத்தகம், வெள்ளைப் பசை, வலை முடிச்சு, ஆயிரத்து நானூறு துண்டு. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஏழு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. என்னையே இன்னொரு அடி அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏற இஷ்டம் இல்லன்னா அம்மாட்ட சொல்ல வேண்டியதுதானல" என்றேன்.

"எப்படில சொல்லுவேன்" என்றான். "மாடியப் பாரு."

எங்கள் வீட்டு மாடியை வெளியிலிருந்து பார்த்திருப்பீங்க. கம்பி மட்டும் நிற்கிறது, நாலு வருஷமாக. அது அவன் சம்பாத்தியத்தில் எழும்ப வேண்டியது. நான் மணலைத் தோண்டிச் சுக்கானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுபடியும் ஏழு மாதம் ஒட்டலாம். அவன் போட்ட கணக்கும் அதுதான். ஃபாதர் கெடுத்துவிட்டார். அம்மாவைத் தேற்றுகிறேன் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பிலோமி, ஏன் அழுறீங்க? முழுக் கப்பல்னுதானே நேர்ந்தீங்க? முழுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு சாமி."

"நான் மந்திரிச்சேனா? கடல்ல போச்சா?"

"போச்சு சாமி."

"அப்புறம் என்ன? அங்கேயே மாதா வாங்கிக்கிட்டாங்க. நேர்ச்சை முடிஞ்சிருச்சு."

மாமா ஈரத்தோடு வந்து நின்று, "அதான. தண்ணி கண்டுட்டுல்லா? அப்ப அது கப்பல்தான்" என்றார். ரோமில் நாலு வருஷம் படித்தவரும், மூன்றாம் வகுப்பு தாண்டாதவரும் ஒரே கட்சி. அம்மா அழுகையை அங்கேயே நிறுத்தினாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இவன் ஏறலாமா சாமி?"

"தாராளமா."

நான் அண்ணனைத்தான் பார்த்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அம்மா மணலில் நின்றபடியே உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டீங்க. பன்னிரண்டாம் தேதி ஒரு கப்பல் இருக்கிறது, காலையில் ஆள் வந்து காகிதமெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்று சொன்னீங்களாம். அம்மாவைக் குறை சொல்லாதீங்க. அவளுக்குத் தெரியாது. பிள்ளை தன்னால்தான் வீட்டில் கிடக்கிறான் என்று ஏழு மாதமாக அவளுக்குக் குற்ற உணர்ச்சி.

வீட்டுக்கு வந்து அண்ணன் இருக்கிற பாத்திரம் எல்லாம் நிரப்பினான். ஏற்கெனவே நிரம்பியிருந்ததைக் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்பினான். விடியும்போது மாமாவோடு கிளம்புகிறவன் வாசலில் நின்றான்.

"திரும்ப ஒட்டுறதுக்கு எத்தன நாளாவும்ல?"

"ரெண்டு வருஷம்" என்றேன். சும்மாதான் சொன்னேன்.

"மெதுவாவே ஒட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். வள்ளத்தில் போக அவனுக்குப் பயம் ஒன்றும் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்க. மத்தியானத்துக்குள் கரைக்கு வருகிற எதிலும் அவன் ஏறுவான்.

அவ்வளவுதான் சார் கதை. இதோ, பலகை பிடித்துவிட்டது. கையை எடுக்கிறேன், பாருங்க, நிற்கிறது. இந்தத் தடவை படகுப் பசை. இது முடிய வேண்டும், அண்ணன் இதைப் பார்க்க வேண்டும். நான் ஒரு காரியத்தையும் முடிக்காதவன் என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. அதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் சரி. எனக்குப் பொறுமை கிடையாது, அது வேறு விஷயம்.

நீங்க எதற்கு மாதா படத்தையே பார்க்கிறீங்க? ஓ, அம்மா போனில் சொல்லிவிட்டாளா, படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று? எழுந்து வேண்டுமானால் பாருங்க. பாய் மேல் மட்டும் மிதிக்க வேண்டாம். இல்லையா? காலையில் இருந்தது. பழுப்புக் கவர். பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், டாக்டர் சர்ட்டிபிகேட் எல்லாம் அதில்தான்.

நான் பொய் சொல்ல மாட்டேன் சார். அதுதான் என்னிடம் இருக்கிற கெட்ட பழக்கம், பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள். அம்மா கிளம்பும்போது என்னிடம் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். "இந்தக் குப்பையெல்லாம் கூட்டி அள்ளி அடுப்புல போடு. ஆபீஸ் சார் வந்தா எந்திரிச்சு நில்லு. குடிக்க ஒரு கலர் வாங்கிக் குடு. அந்தக் கவர எடுத்து அவர் கையில குடு."

நீங்க வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. கலர் வரவில்லை. பசையும் எப்போதோ பிடித்துவிட்டது. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, பார்த்தீங்களா? எழுந்தால் கவர் தெரிந்துவிடும் சார். அது மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.